மீன்பிடித் தடைக்காலத்தில் பயறு, கடலை, எள் சாப்பிட்டால் மீனின் சத்து கிடைக்குமா?

மண்டபம் பக்கம் ஒரு கடலோரக் கிராமம் எங்களுடையது. அப்பா விசைப்படகில் போனவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும். கையில் காசும் இருக்காது, சட்டியில் மீனும் இருக்காது. அந்த நாட்களில் எங்களை வளர்த்தது தட்டைப்பயறும் மொச்சையும்தான். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: புரதம் கிடைக்கும், ஆனால் அளவு பார்த்துச் சாப்பிட வேண்டும்.

100 கிராம் பாசிப்பயற்றில் சுமார் 24 கிராம் புரதம், சாளை மீனில் சுமார் 20 என்று படித்துவிட்டு, பயறே மேல் என்று பலர் நினைக்கிறார்கள். அது காய்ந்த பயற்றின் கணக்கு. வேகும்போது தண்ணீரை இழுத்து ஊதிவிடும். வெந்த பயறு 100 கிராமில் 7, 8 கிராம்தான் தேறும். சோற்றில் இரண்டு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டால் போதாது, பயற்றை அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பயற்றில் நிறைய. பயற்றில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு கூறை அரிசி ஈடுகட்டும். அப்புறம், பயற்றின் இரும்புச்சத்து உடம்பில் லேசில் சேராது. எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

பாதாம் வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். நிலக்கடலையில் புரதம் சுமார் 25 கிராம், பாதாமில் 21. வைட்டமின் இ, கால்சியத்தில்தான் பாதாம் மேல். இரண்டிலும் ஏறக்குறைய பாதி கொழுப்பு என்பதால் ஒரு கைப்பிடி போதும். நம் கடற்காற்றின் ஈரத்தில் கடலை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. அம்மா நல்ல வெயிலில் காயவைத்து எவர்சில்வர் தூக்கில் இறுக மூடி வைப்பார். சுருங்கியது, கசப்பது, நிறம் மாறியது எதையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நெத்திலியை முள்ளோடு மென்றதில் கிடைத்த கால்சியத்துக்கு எள்ளுருண்டை. தோலோடு உள்ள எள் 100 கிராமில் 1000 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் இருப்பதால் அத்தனையும் உடம்பில் சேராது. தோல் நீக்கிய எள்ளில் பெரும்பகுதி போய்விடும்.

பயறும் விதையும் தராதது வைட்டமின் பி12. மீனில் உள்ள வகை ஒமேகா 3 கொழுப்பும் அப்படியே. ஆளி விதையில் இருப்பது வேறு வகை, அதில் கொஞ்சத்தைத்தான் உடம்பு மாற்றிக்கொள்ளும். மீன் தின்று வளர்ந்த பெரியவர்களுக்கு ஈரலில் பி12 வருடக்கணக்கில் சேமிப்பு இருக்கும், இரண்டு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் முட்டை, பால் தவறக் கூடாது. தடைக்காலத்திலும் நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரம் போய் வருவார்கள். அதில் கொஞ்சம் மீன் வீட்டுக்கு வந்தால், முதல் துண்டு இவர்கள் தட்டுக்குப் போகட்டும்.