நோயுற்ற பெரிய நாயை எடுத்து வளர்க்கலாமா?

கைவிடப்பட்ட ஒரு பெரிய நாய்க்கு உண்ணிக் காய்ச்சலும் இடுப்பு மூட்டுக் கோளாறும் இருப்பதாகத் தெரிந்த பின்பும் அதை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொண்டுவரலாம். ஆனால் அதைத் தூக்கிவிட வீட்டில் இரண்டு பேர் இருப்பார்களா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்படி ஒரு நாயை எடுத்தபோது மருந்துச் செலவைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். நாயின் நிறையைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவில் இருந்தவர்கள் வெளிநாடு போனபோது விட்டுச்சென்ற ஜேர்மன் ஷெப்பர்ட் நாயை, 2021 மார்கழியில் நானும் தம்பியும் கிணற்றடியில் கண்டெடுத்தோம். அந்த இனத்து ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை இருக்கும். அவன் 21 கிலோதான் இருந்தான். காது மடலின் உட்புறத்திலும் கால் விரல்களுக்கு இடையிலும் உண்ணிகள் ஆமணக்கு விதைகளைப் போலப் பருத்துக் கிடந்தன. மூக்கிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அம்மா அவனுக்கு வீமன் என்று பெயர் வைத்தார்.

குருதியைப் பரிசோதித்த மிருக வைத்தியர், உண்ணியால் பரவும் எர்லிக்கியா என்ற பற்றீரியாவினால் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்துவிட்டன, இரத்தம் கசிவது அதனால்தான் என்று விளக்கி, 28 நாட்களுக்கு டொக்சிசைக்கிளின் என்ற பற்றீரியாக்கொல்லிக் குளிசை எழுதித் தந்தார். பத்தாம் நாள் அவன் எழுந்து படலை வரை நடந்து வந்து குரைத்தான். சுகமாகிவிட்டது என்று நம்பி நாங்கள் குளிசையை நிறுத்திவிட்டோம். இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் திரும்பி வந்தது. அது முழுக்க எங்கள் தவறு, இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. மறுமுறை ஒரு நாளும் தவறவிடாமல், சோற்றுத் திரளைக்குள் குளிசையை வைத்து ஊட்டினோம். வயிறு நிரம்பிய பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், விறாந்தைச் சுவரின் வெடிப்புகளையும் சீமெந்தால் அடைத்தோம்.

காய்ச்சல் தீர்ந்தது, இடுப்பு தீரவில்லை. தொடை எலும்பின் குமிழ் அதற்குரிய குழியில் சரியாகப் பொருந்தாமல் உராய்ந்து தேய்கின்ற நோய் அது. எங்கள் வீட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரை பளபளப்பானது. அதில் எழ முயலும்போது பின்கால்கள் இரண்டும் இரு பக்கமும் வழுக்கி விரிய, முன்கால்களை ஊன்றியபடி அசையாமல் எங்களையே பார்ப்பான். அவன் நடக்கும் வழியெல்லாம் சாக்குகளையும் தும்புக் கால்மிதிகளையும் விரித்தோம். ஒரு பழைய பெரிய துவாயை அடிவயிற்றின் கீழே கொடுத்து, இரு முனைகளையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடித்தால், பின்பக்கத்து நிறையை நாம் தாங்கிக்கொள்ள, அவன் முன்கால்களால் தானே நடந்து வளவுக்குப் போவான். வாடைக்காற்றுக் காலத்தில் காலை நேரத்து விறைப்பு அதிகமாக இருக்கும். அப்போது வலி தாங்காமல் முனகினாலும் நமக்கு வாங்கிய பரசிற்றமோலையோ இபுபுரோபனையோ வைத்தியரைக் கேளாமல் கொடுத்துவிடாதீர்கள். அவை நாய்க்கு நஞ்சாகக்கூடும். இப்போது 32 கிலோ இருக்கிறான். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் அந்த மூட்டில்தான் இறங்கும் என்பதால், இரண்டாம் முறை சோறு வைக்கும் அம்மாவின் கையைத் தடுப்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது.

ஊசி போட்டு முடித்துவிடுவதே புண்ணியம் என்று அயலில் சிலர் சொன்னார்கள். வைத்தியரிடமே கேட்டேன். தானாக விரும்பிச் சாப்பிடுகிறானா, துவாயைப் பிடித்தால் எழும்ப முயல்கிறானா என்பதைப் பாருங்கள், இரண்டும் நின்றுபோனால் அப்போது பேசலாம் என்றார். இரண்டும் நிற்கவில்லை.

உங்கள் வீட்டில் இரண்டாவது ஆள் இல்லையென்றால், நாயைக் கொண்டுவர முன்னரே அயலில் ஒருவரைக் கேட்டு வையுங்கள். தம்பி வேலைக்காக வவுனியாவுக்குப் போன பிறகு, பக்கத்து வீட்டு அண்ணா ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு வந்து துவாயின் மறுமுனையைப் பிடிக்கிறார். படலைக் கொளுக்கியின் சத்தம் கேட்டதும், சாக்கில் படுத்தபடியே வீமன் வாலை ஆட்டத் தொடங்கிவிடுவான்.