இந்தியாவே கடனில் இருக்கும்போது இலங்கைக்கு ஏன் உதவ வேண்டும்?

அந்த உதவியில் கட்டிய வீட்டில் குடியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். நீங்கள் ஒழுங்காக வரி கட்டுகிறவர், அந்த வயிற்றெரிச்சலில் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

2024–25 பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவிக்கு இந்தியா ஒதுக்கியது சுமார் 4,883 கோடி ரூபாய். பூட்டானுக்குத்தான் அதிகம், இலங்கைக்கு 245 கோடி. அதே பட்ஜெட்டில் வாங்கிய கடனுக்கான வட்டி மட்டும் சுமார் 11.63 இலட்சம் கோடி. உதவி முழுவதையும் நிறுத்தினாலும் ஒன்றரை நாள் வட்டிதான் மிஞ்சும்.

2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் எங்களுக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி இனாம் அல்ல. எரிபொருளுக்கு 50 கோடி டொலர், உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டொலர், எல்லாம் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். அந்த டீசலுக்காக இரண்டு இரவு வரிசையில் கிடந்தவன் நான். 'ஓசியில் தின்றார்கள்' என்று யாரும் எழுத வேண்டாம். எங்கள் நாடு நொடித்தது அயலாருக்கு அள்ளிக் கொடுத்து அல்ல. வெளிநாட்டுக் கடன்பத்திரங்களை விற்றுக்கொண்டே போய், 2019 இறுதியில் வரியையும் வெட்டியதால்.

வீடு மட்டும் நன்கொடை. வடக்கு கிழக்கிலும் மலையகத்திலுமாக 50,000 வீடுகள் என்ற இந்திய வீட்டுத்திட்டத்தில் 2013இல் எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபாய், தவணை தவணையாக நேரே வங்கிக் கணக்குக்கு வந்தது. வேலை நகர்ந்தால்தான் அடுத்த தவணை. போர் முடிந்து மீள்குடியேறி மூன்று ஆண்டுகள் தறப்பாளுக்குக் கீழே, மழை வந்தால் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு மூலை மாறியவர் அம்மா. கதவு நிலை வைத்த அன்று அந்த மரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

நன்றிக்கடனுக்காக இந்தியாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்வார்கள். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இருந்தபோது இங்கே நடந்ததை நான் மறக்கவில்லை. அது வேறு கணக்கு, அதையும் கேட்பேன்.

பணம் போதவில்லை என்பதும் உண்மை. எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியதும் சீமெந்தும் மணலும் விலை ஏறின. மணல் ஏற்றிவந்த டிப்பர்காரர் மூன்று கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) என்று காசு வாங்கினார். சந்தேகப்பட்டு அளந்து பார்த்தேன், இரண்டரைகூடத் தேறவில்லை. கேட்டதற்கு, "சும்மா கிடைக்கிற வீடுதானே" என்றார். எங்கள் ஊர்க்காரர், எங்களோடு முகாமில் இருந்தவர். குறைந்த மணலை மறுபடி வாங்க மனைவியின் சங்கிலியை அடகு வைத்தேன். அது மூழ்கியேவிட்டது. டில்லியில் யார் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைவிட அந்த அரை கியூப் மணல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.