டெல்லிக் குளிரில் மாடியில் உருளைக்கிழங்கு வளர்க்க முடியுமா?

சென்னையிலிருந்து டெல்லிக்கு மாறி வந்திருக்கும் தாங்கள், மாடியில் பைகளில் உருளைக்கிழங்கு வளர்க்க ஆசைப்படுவதாகவும், ஜனவரிக் குளிரில் செடி கருகிவிடுமோ என்ற அச்சத்தால் மார்ச் மாதம் வரை காத்திருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம் என்பதே என் பதில். மார்ச்சில் நட்டால் செடி வளரும், கிழங்கு கிடைக்காது. மண்ணின் வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் இந்தச் செடி கிழங்கை நன்றாகப் பருக்கவைக்கும். 30 டிகிரியை நெருங்கினால் அந்த வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். உருளைக்கிழங்கு என்றால் ஊட்டியும் கொடைக்கானலும் நினைவுக்கு வரும் நமக்கு இது மலைப்பயிராகவே தோன்றுகிறது. ஆனால் பஞ்சாபிலிருந்து பீகார் வரை விரிந்திருக்கும் சமவெளியில் இதற்குக் குளிர்காலமே பருவம்.

டெல்லியின் மயூர் விஹார் பகுதியில் மூன்றாம் மாடிக்கு மேலுள்ள மொட்டை மாடியில் ஆறு குளிர்காலங்களாக இதை வளர்த்து வருகிறேன். முதல் ஆண்டில் நவம்பர் கடைசியில்தான் நட்டேன். மண் குளிர்ந்துவிட்டதால் முளை வெளியே தலைகாட்டவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. ஜனவரி முதல் வாரத்தில் இரவு கடுமையாகக் குளிரும் என்ற அறிவிப்பைப் பார்த்து, செடிகளின் மேலேயே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தபோது தாள் பட்ட இலைகள் அத்தனையும் வெந்த கீரை போல் கறுத்துத் தொங்கின. அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்த்தாலும், கிழங்குகள் நெல்லிக்காய் அளவுக்கு மேல் பருக்கவில்லை. அன்றிலிருந்து அக்டோபர் 20-க்கும் நவம்பர் முதல் வாரத்துக்கும் இடையில் நட்டுவிடுகிறேன். அதற்கு முன் நட்டால் கறுப்புப் பை நண்பகல் வெயிலில் சூடேறி விதைக்கிழங்கு அழுகிவிடுகிறது.

விதைக்கு, 90 நாட்களுக்குள் முதிரும் ரகமாகக் கேளுங்கள். 1968-இல் வெளியான குஃப்ரி சந்திரமுகி எனக்கு ஏமாற்றம் தந்ததில்லை. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்களுக்கெல்லாம் முன்னால் நிற்கும் ‘குஃப்ரி’, அந்நகரை அடுத்துள்ள ஊரின் பெயர். விதைக்கடைக் கிழங்கு கிடைக்காவிட்டால் காய்கறிக் கடையில் வாங்கியதையும் நடலாம். ஆனால் ‘சுகர் ஃப்ரீ ஆலு’ (சர்க்கரையற்ற உருளைக்கிழங்கு) என்று விற்பதைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றில் பெரும்பாலானவை முளைக்காதபடி மருந்திட்டு வைக்கப்பட்டவை. முட்டை அளவுள்ள கிழங்குகளை வெளிச்சம் படும் நிழலில் இரண்டு வாரம் பரப்பி வைத்தால், குட்டையாகவும் தடிப்பாகவும் பச்சை முளை வரும். இருட்டில் வளர்ந்த வெளிறிய நீள முளை கை பட்டாலே ஒடிந்துவிடும்.

12 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள பைக்கு இரண்டு கிழங்குகள் போதும். செம்மண் கிடைக்காத இந்த ஊரில், தோட்ட மண்ணோடு தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்க்கிறேன். பாதிப் பை அளவுக்கு நிரப்பி, கிழங்கை வைத்து, மேலே நான்கு அங்குலம் மூடி, செடி ஒரு சாண் வளர்ந்ததும் மீதி மண்ணை அணைக்க வேண்டும். மண்ணை உயர்த்திக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு பிடிக்கும் என்று பலர் சொல்லக் கேட்டு, நானும் ஓர் உயரமான டிரம்மில் முயன்றேன். கிழங்குகள் விதையைச் சுற்றியே இருந்தன, மேல் மண் வெறுமையாக இருந்தது. மண் அணைப்பதன் பெரிய பயன், கிழங்கின் மேல் வெளிச்சம் படாமல் காப்பதுதான். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்னும் நச்சு இருக்கும் வாய்ப்பு அதிகம். அதைச் சமைக்கக் கூடாது.

குளிரைப் பொறுத்தவரை, வயலுக்கும் பைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். வயலில் மேற்பரப்பு மட்டும் குளிரும், கீழ் மண் வெதுவெதுப்பைத் தக்கவைத்திருக்கும். பையிலோ நான்கு பக்கமும் அடியிலுள்ள சிமெண்ட் தளமும் சேர்ந்து வேரைக் குளிரவைக்கின்றன. ஆகவே பைகளைப் பலகையின் மேல் ஏற்றி, ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, வடக்குப் பக்கத்தில் பழைய சாக்குகளைச் சுற்றிவிடுகிறேன். அதோடு சூரியனையும் கவனியுங்கள். டிசம்பர் கடைசியில் இங்கே நண்பகலிலும் அது அடிவானிலிருந்து 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும் என்பதால், தெற்குக் கைப்பிடிச்சுவர் மூன்றடி உயரம் என்றால் அதன் நிழல் ஏறக்குறைய நான்கடி உள்ளே விழும். சென்னை மாடியின் பழக்கத்தில் சுவரோரம் வரிசையாக அடுக்கினால், செடி குளிர்காலம் முழுவதும் நிழலில் வாடும்.

உறைபனி எல்லா இரவும் வருவதில்லை. 2021 ஜனவரி 1 அன்று டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. அத்தகைய இரவில், காற்றில்லாமல் வானம் தெளிந்திருந்தால், இலையின் மேற்பரப்பு அளவுகருவி காட்டுவதைவிடவும் கூடுதலாகக் குளிர்ந்து உறைநிலைக்குக் கீழே போகக்கூடும். அன்று பிற்பகலிலேயே மண்ணை நனைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஈரமண் பகல் சூட்டைக் கூடுதலாகத் தாங்கி இரவில் மெல்ல விடும். பின்னர் நான்கு மூங்கில் குச்சிகளை நட்டு, இலையைத் தொடாதபடி பழைய பருத்திப் புடவையைக் கட்டி, காலை வெயில் வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

உறைபனியைவிட நான் அஞ்சுவது மூடுபனிக்குத்தான். நாள் கணக்கில் இலை ஈரமாகவே இருந்தால் பின்பருவ இலைக்கருகல் நோய் பிடித்துக்கொள்ளும். இலை ஓரத்தில் நீர் தோய்ந்தது போன்ற பழுப்புத் திட்டும், காலையில் அதன் அடிப்பக்கம் வெண்பூஞ்சையும் கண்டால், அந்த இலைகளை அன்றே கிள்ளிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். உரக்குழியில் போடக் கூடாது. பைகளைச் சற்று விலக்கிக் காற்றோட்டம் தந்து, தண்ணீரை மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள். நெருக்கி வைக்கச் சொன்ன நானே விலக்கவும் சொல்வது முரணாகத் தோன்றலாம். தெளிந்த கடுங்குளிருக்கு நெருக்கமும், மூடுபனி நாட்களுக்கு இடைவெளியும் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டியிருக்கிறது.

அக்டோபரில் நட்டது பொங்கலை ஒட்டி முதிர்ந்து, இலை மஞ்சளாகும். தண்ணீரை நிறுத்தி, தண்டை வெட்டிவிட்டு, பத்து நாள் மண்ணிலேயே விட்டால் தோல் இறுகும். எனக்குப் பைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை கிடைக்கிறது. எடுத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுவல் கறுத்துப்போகும். அடுத்த ஆண்டு விதைக்கென்று நான் எதையும் ஒதுக்குவதில்லை. மே, ஜூன் வெயிலில் வீட்டில் வைத்த கிழங்கு சுருங்கிவிடுவதால், ஒவ்வோர் அக்டோபரிலும் புதிதாகவே வாங்குகிறேன்.