மறதியா, கண்புரையா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தவர் இப்போது கையில் எடுப்பதே இல்லை. மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொள்கிறார், வாசலில் வந்து நிற்பவரை யாரென்று தெரியாமல் பார்க்கிறார். ஞாபகசக்திப் பரிசோதனையில் 30க்கு 22 வந்தது. இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறதாம். 'மறதியே வந்துவிட்டது, இனி கண் ஆபரேஷன் எதற்கு?' என்கிறார் அண்ணன். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதிய மூன்றுமே கண் மங்கினாலும் வரக்கூடியவைதான். வாசலில் நிற்பவர் வாயைத் திறந்து பேசியதும் அப்பா சட்டென்று பெயரைச் சொல்லிவிடுகிறாரா என்று கவனியுங்கள். சொன்னால், ஞாபகம் இருக்கிறது, முகம்தான் தெரியவில்லை.

அந்த 22 மார்க்கையும் அப்படியே நம்ப வேண்டாம். எம்எம்எஸ்இ என்ற பரிசோதனையாக இருந்தால், அதில் காகிதத்தில் இருப்பதைப் படித்து அதன்படி செய்யவேண்டும், காட்டுகிற பேனாவுக்கும் கடிகாரத்துக்கும் பெயர் சொல்லவேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையவேண்டும். புரை விழுந்த கண்ணுக்கு அந்தக் கோடுகள் எங்கே தெரியப்போகிறது?

அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் 65 வயது தாண்டிய மூவாயிரம் பேருக்கு மேல் பல வருடம் கவனித்து 2021ல் வெளியிட்ட ஆய்வில், புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் வருவது சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. உடம்பு தெம்பாக இருப்பவர்கள்தான் ஆபரேஷனுக்கு அதிகம் போவார்கள், அதனால் ஆபரேஷனே மறதியைத் தடுத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2024ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழுவும், டிமென்ஷியாவுக்கு வழிவிடுகிற, நம்மால் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களில் ஒன்றாகச் சிகிச்சை செய்யாத பார்வைக் குறைவைச் சேர்த்துவிட்டது. கண் தெரியாதவர் படிப்பதை விடுகிறார், வெளியே போவதை விடுகிறார், பேச்சும் குறைகிறது. மூளைக்கு வேலையே இல்லாமல் போகிறது.

அதற்காக எல்லாப் பழியையும் கண் மேல் போட்டுவிடவும் கூடாது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், சாப்பிட்டதை மறக்கிறார், தெரிந்த தெருவில் வழி தவறுகிறார் என்றால் நரம்பியல் டாக்டரையும் பார்த்தே ஆகவேண்டும். காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

ஆபரேஷனின்போது அசையாமல் படுக்கவேண்டியிருக்கும், அதனால் மறதி விஷயத்தைக் கண் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் சொட்டு மருந்தை அப்பா கையில் கொடுக்காமல் வீட்டில் ஒருவரே நேரம் பார்த்து விடுங்கள். புதுக் கண்ணாடி வந்து, பேப்பர் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று அவரே சொன்ன பிறகு, அந்த ஞாபகசக்திப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.