மாமாவைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து ஒன்றரை வருஷமாகிறது, அறையை விட்டு வெளியே வருவதில்லை. மனநல டாக்டரிடம் காட்டினோம். டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். தூக்கமாக வருகிறது என்று இரண்டே மாதத்தில் இவனாகவே நிறுத்திவிட்டான். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் வைத்திருக்கும் நண்பன் ஒருவன், "மழைக்கு முளைக்கிற ஒரு காளான் இருக்கு, ஒரே தடவை சாப்பிட்டா போதும், வெளிநாட்டில் ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க" என்று கூப்பிடுகிறான். இவனும் கிளம்பத் தயார். பல மாதம் கழித்து அவன் முகத்தில் ஓர் ஆர்வம் தெரிகிறது, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. எங்கள் தாய்மாமாகூட ஒரு காலத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்து, குணசீலம் பெருமாள் கோயிலில் தங்கவைத்துத்தான் தேறினார். அதுபோல இவனுக்கும் ஒரு வழி பிறக்காதா? அனுப்பலாமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அனுப்பாதீர்கள், சகோதரி. அந்த ஆராய்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய தாய்மாமா விஷயம்தான் என்னை உடனே பதில் எழுத வைத்தது.

ஆராய்ச்சி நடப்பது உண்மை. அந்த வகைக் காளானில் இருக்கும் பொருளின் பெயர் சைலோசைபின். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன்தான் 1958-இல் இதையும் பிரித்தெடுத்தார். உடம்புக்குள் போனதும் வேறொரு பொருளாக மாறி, மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் இடங்களில் போய் உட்காருகிறது. 2016-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 51 புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சாவு பயமும் சோர்வும் பலருக்கு மாதக்கணக்கில் குறைந்திருந்தன. 2022-இல் வெளிவந்தது இன்னும் பெரிய ஆய்வு. பல நாடுகளில், மாத்திரைக்குக் கேட்காத மனச்சோர்வு உள்ள 233 பேர். 25 மில்லிகிராம் ஒரே தடவை வாங்கியவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்றாவது வாரம் சோர்வு பாதிக்குப் பாதி குறைந்தது. பெயருக்கு 1 மில்லிகிராம் வாங்கியவர்களில் அது 18 சதவீதம். 12 வாரம் வரை அந்தக் குணம் நிலைத்தது, 25 மில்லிகிராம் வாங்கியவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்தது. நண்பர் சொல்லும் 'ஒரே தடவை போதும்' என்பதில் இந்தப் பாதி விட்டுப்போயிருக்கிறது.

அந்த ஒரு தடவை எப்படி நடக்கிறது என்பதையும் உங்கள் தம்பி தெரிந்துகொள்ளட்டும். மருந்து கொடுப்பதற்கு முன்பே பல முறை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அன்றைக்கு ஒரு கட்டில், கண்ணுக்கு மேல் துணிக்கட்டு, காதில் இசை. பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள் ஆறு முதல் எட்டு மணி நேரம் நகராமல் இருப்பார்கள். ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்ப்பார்கள். அழுதால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மறுநாளும் அடுத்த வாரமும், வந்த காட்சிகளைப் பற்றிப் பேச்சு தொடரும். குணத்தில் மருந்தின் பங்கு எவ்வளவு, இந்தக் கவனிப்பின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் ஓயவில்லை. மருந்து வாங்கியவருக்குத் தான் எதை வாங்கினோம் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுவதால், ஒப்பிட்டுப் பார்ப்பதும் கஷ்டம்.

அந்தக் கட்டிலுக்குப் போகும் முன் ஒரு படிவம் உண்டு. வீட்டில் யாருக்காவது காதில் குரல் கேட்டதா, மனச்சிதைவு இருந்ததா, அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் இருந்ததா என்று கேட்பார்கள். ஆம் என்றால், பெரும்பாலான ஆய்வுகளில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறைந்து கிடக்கும் அந்த நோயை இந்த மருந்து கிளப்பிவிடலாம் என்ற பயம்தான். அது பெரும்பாலும் தலைகாட்டுவதே இருபதுகளை ஒட்டித்தான். தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்த தாய்மாமா இருக்கும்போது, எந்த ஆய்வுக்கூடமும் உங்கள் தம்பியைச் சேர்த்துக்கொள்ள யோசிக்கும். எஸ்டேட் பங்களாவில் அந்தக் கேள்வியை யார் கேட்பார்கள்? ராத்திரி பதினோரு மணிக்கு அவன் மிரண்டு எழுந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் சேலம் பெரியாஸ்பத்திரி.

காளான் விஷயம் தனி. பயிற்சி டாக்டராக இருந்தபோது, மலையில் பறித்த காளானைக் குழம்பு வைத்துச் சாப்பிட்ட ஒரு குடும்பம் அவசரப் பிரிவுக்கு வந்தது. ராத்திரி சாப்பிட்டிருக்கிறார்கள். விடியும்வரை ஒன்றும் இல்லை. மறுநாள்தான் வாந்தி. வயிறு அடங்கிவிட்டது என்று நினைத்த மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. பாட்டி மிச்சக் காளானை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அவிழ்த்தால் கறுத்துக் குழைந்த ஒரு பிசுக்குதான். எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காலமெல்லாம் காளான் பறித்த கை அது. ஈரலை அழிக்கும் காளான்களில் சில, பார்ப்பதற்குச் சின்னப் பழுப்புக் குடையாக, நண்பர் சொல்லும் அந்தக் காளானைப் போலவே இருக்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபின் எழுதிக்கொடுக்கலாம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் அது இருக்கிறது.

இனி தம்பிக்கு வருகிறேன். மாத்திரை கேட்கவில்லை என்று அவன் நினைக்கிறான். போதிய அளவில், போதிய நாள், குறைந்தது இரண்டு வகை மாத்திரைகளைச் சாப்பிட்டும் தேறாவிட்டால்தான் 'கேட்காத மனச்சோர்வு' என்பார்கள். இவன் ஒன்றையே முடிக்கவில்லை. தூக்கம் வந்தால் அளவை மாற்றலாம், ராத்திரிக்கு மாற்றலாம், தூக்கம் வராத வேறு மாத்திரைக்கே போகலாம். இதைச் சொல்லத்தான் டாக்டர் இருக்கிறார். அன்றைக்கே திரும்பிப் போய்க் கேட்டிருந்தால் இந்த ஒன்றரை வருஷம் சுருங்கியிருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

அவன் முகத்தில் வந்த ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாம். "காளான் வேண்டாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். "சரியாகணும்னு உனக்கும் ஆசை இருக்குல்ல, வா, நானும் வர்றேன்" என்று ஆரம்பியுங்கள். அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி மேல் அக்கறை உள்ளவர்தான். பழைய டாக்டரிடம் போக அவன் கூச்சப்பட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இருக்கிற இடத்திலிருந்தே பேச 14416, டெலி மானஸ், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். உயிரை விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தாலும் அன்றைக்கே, அப்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.

போவதற்கு முன் அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: மாமாவுக்கு அது எந்த வயதில் தொடங்கியது, குரல் கேட்டதா, தூங்காமலேயே சுறுசுறுப்பாகச் சில நாள் இருந்தாரா, குணசீலத்துக்குப் பிறகு மறுபடி வந்ததா. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் முதலில் அதைக் கொடுங்கள்.