வயதான நாயின் மூட்டுவலி: மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

வயதான நாய் படியேறத் தயங்குவதையும், படுத்து எழும்போது கால்கள் விறைத்துப்போவதையும் முதுமை என்று எண்ணி விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து வீக்கமும் வலியும் உண்டாகும் இந்நோயை முற்றிலும் குணப்படுத்த இயலாது. ஆனால் வலியைப் பெருமளவு தணிக்க முடியும். நாய்கள் வலியை வெளிக்காட்டுவது அரிது என்பதால், மூட்டை ஓயாமல் நக்குவது, தொட்டால் சீறுவது, பின்தொடை மெலிவது ஆகியவற்றையும் அறிகுறிகளாகக் கொள்ள வேண்டும்.

மருத்துவமனைப் பதற்றத்தில் நொண்டல் மறைந்துவிடுவதுண்டு. ஆகவே நாய் வீட்டில் எழுந்து நடப்பதைக் கைபேசியில் படம்பிடித்துச் செல்லுங்கள். மருத்துவர் மூட்டுகளை மடக்கி நீட்டிப் பார்த்து, தேவையெனில் எக்ஸ்ரே எடுப்பார். மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்ற வலிநீக்கிகள் இரைப்பை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பாதிக்கக்கூடும் என்பதால், தொடங்கும் முன்பும் பின்னர் அவ்வப்போதும் இரத்தப் பரிசோதனை செய்யுமாறு கேளுங்கள். வாந்தி, கருநிற மலம், பசியின்மை தோன்றினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மனிதர்களுக்கான ஐபுபுரூஃபென், பாராசிட்டமால் மாத்திரைகளை நீங்களாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபென் இரைப்பையில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது.

நாய்களின் மூட்டுவலியைத் தணிக்க மாதம் ஒருமுறை போடப்படும் பெடின்வெட்மாப் என்ற ஊசி பொருந்துமா என்பதையும் கேட்டறியலாம். நாய் பருமனாக இருந்தால், எடையைக் குறைப்பதே மருந்துக்கு இணையான உதவி. வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள். ஒரே நீண்ட நடைக்குப் பதிலாகச் சிறுசிறு நடைகளாகப் பிரித்து அழைத்துச் செல்லுங்கள்.