பொடி வைப்பதும் பொடியைக் கொட்டுவதும்

அன்புள்ள ஐயா,

வெள்ளியில் சங்கிலி செய்து பழகுகிறேன். 0.8 மி.மீ. கம்பி, கண்ணிக்கு (ஒவ்வொரு வளையத்துக்கும்) 4 மி.மீ. உள்விட்டம். பற்றவைக்கும்போது பொடி (பற்றவைக்க உருக்கும் வெள்ளிக் கலவை), கண்ணியின் இரு முனையும் சேரும் வாயில் நிற்காமல் பக்கத்துக் கண்ணிக்கு ஓடிவிடுகிறது. 31 கண்ணியில் 9 ஒட்டிக்கொண்டு குச்சி மாதிரி நிற்கின்றன. பொடித் தகடு கால் மி.மீ. கனம், ஒரு மி.மீ. சதுரமாக வெட்டி வைக்கிறேன். வெண்காரக் கரைசலில் சங்கிலியை முழுதும் முக்கி எடுத்த பிறகுதான் சுடர் காட்டி ஊதுகிறேன். பொடி ஓடாமல் இருக்க மஞ்சள் காவி, பென்சில், ஒயிட்னர் என்று மூன்று சொல்கிறார்கள். எது நல்லது? சுடர் ஊதும் டார்ச்சை மாற்றவேண்டுமா? எனக்குக் கை வராதோ என்று பயமாக இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

கடைசி வரியை முதலில் அடித்துவிடுங்கள். 31-ல் 22 கண்ணி தளர்வாக அசைகிறது என்றால் கை வந்துவிட்டது. இன்னும் வராதது கணக்கு.

டார்ச் எதுவானாலும் சரி. முனை சிறியதாக, சுடர் மெலிதாக இருந்தால் போதும். அந்தப் பேச்சை விடுங்கள்.

உங்கள் கேள்வியைவிட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஓர் அளவுதான் என்னை எழுத உட்கார வைத்தது. பொடி ஓடுகிறது என்று கேட்கிற எல்லாரும் எதைப் பூசித் தடுப்பது என்றே கேட்கிறார்கள். எவ்வளவு வைத்தேன் என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள், மாட்டிக்கொண்டீர்கள். பொடி வைத்துப் பேசுவது என்று நாம் சொல்வது, வைத்தது தெரியாமல் வைப்பதைத்தானே? நீங்கள் மூட்டையாகக் கொட்டுகிறீர்கள்.

கணக்குப் போடுவோம். 0.8 மி.மீ. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 0.5 சதுர மி.மீ. நன்றாக மூடிய வாயில் இடைவெளி 0.05 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நிரம்ப வேண்டிய இடம் 0.025 கன மி.மீ. நீங்கள் வைப்பது 1 × 1 × 0.25, அதாவது 0.25 கன மி.மீ. பத்து மடங்கு! ஒரு பங்கு வாய்க்குள் போகும். மீதி ஒன்பது பங்கு எங்கே போகும்? உருகிய பொடிக்கு இரண்டே ஆசை: சூடான இடம், இடுக்கான இடம். கண்ணியும் கண்ணியும் தொடும் இடத்தைவிட நல்ல இடுக்கு சங்கிலியில் வேறு இல்லை. அங்கேதான் போகிறது. பொடியைத் திட்டாதீர்கள், அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

தகட்டை 0.12 மி.மீ. வரை மெலிதாக்குங்கள். உருளை இயந்திரம் இல்லையென்றால் எஃகுக் கட்டையில் வைத்துச் சுத்தியால் தட்டினாலும் ஆகும். ஓரத்தில் அரை மி.மீ. இடைவெளியில் சீப்புப் பல் மாதிரி நீளமாக வெட்டி, பிறகு குறுக்கே அரை மி.மீ. அளவில் வெட்டுங்கள். துண்டு பறக்காமல் இருக்க ஒரு விரலை முனையில் அணைத்துப் பிடிக்கவேண்டும். 0.5 × 0.5 × 0.12 என்றால் 0.03 கன மி.மீ. வாய்க்குத் தேவையானதுக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். கண்ணுக்குப் போதாதென்றுதான் தோன்றும். கண்ணை நம்பாதீர்கள்.

பெரிய துண்டு வைக்கத் தோன்றுவது ஏன் என்று எனக்குத் தெரியும். வாய் சரியாக மூடவில்லை. பொடி நிரப்பிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. பொடி சுவரில் பூசுகிற சாந்து இல்லை, பள்ளத்தை அடைக்காது. இரண்டு முகமும் ஒட்டி நின்றால்தான் இடையே ஏறும். வெட்டுக்குறடால் நறுக்கிய கம்பியின் முனை கூம்பாகிவிடும். இரண்டு கூம்பு மூக்கோடு மூக்குத் தொட்டால் அது வாய் மூடியதாகாது. மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். இரண்டு குறடால் பிடித்து முனைகளை முன்னும் பின்னுமாக ஒன்றையொன்று தாண்டும்படி ஆட்டி, அழுந்தி நிற்கும்படி மூடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கீற்று தெரிந்தால் பொடியைத் தொடவே தொடாதீர்கள்.

மூடியதெல்லாம் ஊதும்போது திறந்துகொள்கிறதா? தண்டில் சுற்றிய கம்பிக்குள் விறைப்பு இருக்கிறது. சூடு பட்டதும் அது தளர்ந்து வாய் விலகும். சுற்றிய சுருளை, அறுப்பதற்கு முன்பே, மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி இளக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

அடுத்தது வெண்காரம். இதற்கு உங்களைக் கொஞ்சம் திட்டித்தான் ஆகவேண்டும். சங்கிலியை முழுதும் முக்குகிறீர்களாம்! வெண்காரம் பட்ட வெள்ளி, பொடிக்குத் திறந்து வைத்த வாசல். எல்லா வாசலையும் திறந்து வைத்துவிட்டு, பிறகு காவி பூசி ஒவ்வொன்றாக அடைக்கப் பார்க்கிறீர்கள். காவியும் பென்சிலும் ஒயிட்னரும் அங்கே செய்கிற வேலை ஒன்றே ஒன்று: அழுக்காக இருப்பது. வெண்காரம் படாத பக்கத்துக் கண்ணி சூட்டில் தானே கறுத்துப்போகும். அந்தக் கறுப்பே பாதித் தடுப்பு. மெல்லிய தூரிகையால் வாயில் மட்டும் ஒரு பொட்டு வையுங்கள். முதலில் தூரத்திலிருந்து இளஞ்சூடு காட்டவேண்டும்; வெண்காரத்தில் இருக்கும் நீர் பொங்கி அடங்கும். எடுத்ததும் சுடரை நேரே காட்டினால் பொங்குகிற வேகத்தில் துண்டு நகர்ந்து அடுத்த கண்ணியின் மேல் போய் உட்காரும். பாதி விபத்து இங்கேதான்.

சூடு காட்டுவது கண்ணிக்கு, பொடிக்கு அல்ல. ஊதவேண்டிய கண்ணியின் வாயை உச்சியில் வைத்துச் சாமணத்தால் பிடியுங்கள். மற்ற கண்ணிகள் கீழே தொங்கட்டும். சுடர் உச்சிக்குப் பக்கவாட்டில் இரண்டு தோளையும் மாறிமாறித் தொடவேண்டும். ஒரு முனை மட்டும் சூடேறினால் பொடி அந்தப் பக்கமே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பொடி முத்தாக உருண்டு நிற்கிறது என்றால் கண்ணிக்கு இன்னும் சூடு போதவில்லை. அப்போது பொறுங்கள், இன்னொரு துண்டு வைக்காதீர்கள். பளிச்சென்று ஒரு கோடு வாயின் குறுக்கே ஓடும். ஓடிய கணமே சுடரை எடுத்துவிடவேண்டும்.

மேலும் நல்ல நிறம் வரட்டும் என்று திரும்பக் காய்ச்சாதீர்கள். பொடியில் துத்தநாகம் இருக்கிறது; ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் கொஞ்சம் புகையாகப் போகும். மிஞ்சும் பொடிக்கு உருகும் சூடு கூடும், பரப்பில் குழி விழும். 92.5 சதவீத வெள்ளி 802 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும். 75 சதவீத வெள்ளி உள்ள கடினப் பொடி ஓடுவது 788 வாக்கில். நடுவே 14 டிகிரிதான். 70 சதவீத நடுத்தரப் பொடி 738-ல் ஓடும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும். உங்கள் கம்பிக்கு நடுத்தரமே போதும். 65 சதவீதப் பொடியைக் கடைசியில் வைக்கும் கொக்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் காட்மியம் கலந்த பொடி வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

ஒவ்வொன்றாகக் கோத்து ஊதுகிற பழக்கத்தையும் விடலாம். 31 கண்ணியில் 16-ஐத் தனித்தனியே ஊதிவிடுங்கள். ஒட்டிக்கொள்ளப் பக்கத்தில் யாருமில்லை. இரண்டு மூடிய கண்ணியை ஒரு திறந்த கண்ணி கோத்தால் மூன்று. இரண்டு மூன்றை ஒன்று கோத்தால் ஏழு, பிறகு 15, பிறகு 31. பக்கத்துக் கண்ணியைப் பார்த்துப் பயந்து ஊதவேண்டியது 15 தடவைதான்.

காவியா பென்சிலா என்றுதானே கேட்டிருந்தீர்கள். நீரில் குழைத்த மஞ்சள் காவியே எனக்குப் பிடித்தது, நீரிலேயே கழுவிவிடலாம். தொடும் இடத்தில் மட்டும் வையுங்கள். வாய்க்குள் ஒரு துளி போனாலும் பொடி ஏறாது. ஒயிட்னர் நன்றாகவே தடுக்கும். ஆனால் முழுக்கக் காயும்முன் சுடர் காட்டக்கூடாது, புகையையும் மூச்சில் இழுக்கக்கூடாது.

ஒட்டிப்போன அந்த 9 கண்ணிகளை வீசிவிடாதீர்கள். அமிலக் கரைசலில் போட்டுச் சுத்தம் செய்து, ஒட்டிய இடத்தில் வெண்காரம் வைத்து, வாய் இருக்கும் பக்கத்தைச் சுடரிலிருந்து விலக்கிப் பிடித்துச் சூடாக்குங்கள். பொடி மினுங்கியதும் டைட்டானியக் குச்சியால் ஒரு கண்ணியை மெல்லத் தள்ளுங்கள்; டைட்டானியத்தில் பொடி பிடிக்காது. தள்ளிய நிலையிலேயே ஆறவிடுங்கள், அவசரப்பட்டு ஆட்டினால் திரும்ப ஒட்டும். மிஞ்சிய பொடியை மெல்லிய அரத்தால் சீவிவிட்டு, அடுத்ததை எடுங்கள்.

அன்புடன்.